கேமராவ வுடு, கதவப் பாரு

எங்க வேலூருக்கு ஒரு பழம்பேச்சு உண்டு கண்ணு. தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயிலு. சொல்லிச் சொல்லிச் சிரிப்பானுங்க வெளியூர்க்காரனுங்க. அதுல சாமி கணக்கு 1981லயே தீந்து போச்சு. சத்துவாச்சாரியில குடியிருந்த ஜலகண்டேஸ்வரரு கோட்டைக்கே திரும்பிட்டாரு. ராஜா இனிமே வரப்போறதில்ல. பாலாத்துத் தண்ணிய மழையக் கேட்டுக்கோ. ஆனா பட்டியலு கொறையக் கூடாது பாரு, புதுசா ஒண்ணு சேத்துட்டானுங்க. புருசனும் பொண்டாட்டியும் வராமலே நடக்கற விவாகரத்து.

"இன்னா தாத்தா, இதுகூடத் தெரியாதா? வீடியோ கான்ஃபரன்ஸு. லிங்க் வரும். தட்டினா கோர்ட்டு வந்துரும்"னு எனக்கே பாடம் எடுக்கறே. தெரியும்டா. மீசை நரைச்சவன்னா செல்லு புடிக்கத் தெரியாதவன்னு நெனப்பா உனக்கு?

ஒண்ணு கேக்கறேன், சொல்லு. கல்யாணத்துக்கு எத்தினி கேமரா வெச்சீங்க? தாலி ஏறறதுக்கு முன்னாடியே ஏலகிரி மலைக்குப் போயி கட்டிப் புடிச்சிக்கினு போட்டோ. மண்டபத்துல ட்ரோனு. அது ஐயரு தலைக்கு மேல வட்டமடிச்சதுல மந்திரமே ரெண்டு வரி கொறைஞ்சு போச்சு. வராதவனுக்கு யூடியூப்பு லிங்க். வந்தவனுக்குப் பெரிய திரை. ஆம்பூரு பிரியாணிய வாயில வெச்சவன் முழுங்காம அண்ணாந்து பாத்துக்கினு கெடந்தான். ஊரையே கூட்டிக் கட்டின தாலி. அத்தக் கழட்டறப்போ மட்டும் வூட்டுக்குள்ள ஒக்காந்து ஒரு செல்லுல முடிச்சிக்கலாமா?

"சரியாக் கேட்டே தாத்தா"ன்னு தலைய ஆட்டாதே. அவசரப்படறதே உன் வயசுக்கு வேலையாப் போச்சு. முழுசாக் கேளு.

மொதல்ல, இந்தத் திரைக் கோர்ட்டு நடந்த லட்சணத்தச் சொல்றேன். கொரோனா வந்துச்சு இல்ல, 2020ல? கோர்ட்டு எல்லாம் கதவ மூடிட்டு வீடியோவுக்கு வந்துச்சு. அந்த ஏப்ரல்லயே ராஜஸ்தான் ஐகோர்ட்டுல ஒரு வக்கீலு பனியனோட வந்து நின்னாரு. ஜட்ஜு ஜாமீன் கேஸையே தள்ளி வெச்சிட்டாரு. ஜூன்ல ஒருத்தரு சுப்ரீம் கோர்ட்டுக்கே டீ சர்ட்டோட, கட்டில்ல சாஞ்சிக்கினு வந்தாரு. அப்புறம் மன்னாப்பு. அடுத்த வருசம் அமெரிக்காவுல, டெக்சாஸ்ல, ஒரு வக்கீலு மூஞ்சிக்குப் பதிலா பூனைக்குட்டி மூஞ்சி வந்து நின்னுச்சு. கம்ப்யூட்டருல இருந்த ஏதோ ஃபில்டரு வேலை. "நான் பூனை இல்லீங்க"ன்னு ஜட்ஜுகிட்ட சத்தியம் பண்ண வேண்டியதாப் போச்சு அந்த மனுசனுக்கு. 2025ல குஜராத்துல ஒருத்தன் கக்கூசுல ஒக்காந்துகினே ஐகோர்ட்டு விசாரணையில சேந்துட்டான். நம்ம சென்னை ஐகோர்ட்டுல 2021 டிசம்பர்ல ஒரு வக்கீலு கேமரா ஓடறத மறந்துட்டுப் பண்ண வேலைய மட்டும் நான் சொல்ல மாட்டேன். உன் பாட்டி பக்கத்துலதான் இருக்கா. கோர்ட்டே அவரு மேல அவமதிப்பு வழக்கு எடுத்துச்சுன்னு மட்டும் தெரிஞ்சிக்கோ.

சிரிச்சிட்டியா? இத்தயெல்லாம் வெச்சிக்கினு "திரைக் கோர்ட்டே வேணாம்"னு சொல்றவன் ஒரு கூட்டம். பனியன் போட்டவன் பனியனோட வந்தா அது கேமரா குத்தமா?

கேஸு, வாய்தா எல்லாம் எங்க பக்கத்து ஜனங்களுக்குப் புதுசு இல்ல கண்ணு. தோலு பதனிடற ஷாப்புத் தண்ணி பாலாத்தக் கெடுக்குதுன்னு 1991ல போட்ட கேஸு. 1996ல தீர்ப்பு. வேலூரு பேரே சட்டப் புஸ்தகத்துல ஏறிப் போச்சு. 2025லயும் சுப்ரீம் கோர்ட்டு அதே ஆத்தப் பத்திப் பேசிக்கினுதான் இருந்துச்சு. கேஸுன்னா எம்மாம் நீளும்னு எங்களுக்கு நீ சொல்லித் தரணுமா?

இப்போ குடும்பக் கேஸுக்கு வா. பெரிய கோர்ட்டுக்காரங்க இதுல இன்னா சொன்னாங்க தெரியுமா? 2017 மார்ச்சுல ஒரு கேஸு. பொண்ணு ஐதராபாத்து. பையன் ஜபல்பூர்ல கேஸப் போட்டுட்டான். "அம்மாந்தூரம் நான் எப்பிடிப் போறது, கேஸ மாத்திக் குடுங்க"ன்னு பொண்ணு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. கோயல், லலித்துன்னு ரெண்டு நீதிபதிங்க. இப்பிடி வர்ற கேஸையெல்லாம் எதுக்கு ஊரு ஊரா மாத்தறது, வீடியோவுல பேசிக்கலாமேன்னாங்க. செப்டம்பர்ல அதே ரெண்டு பேரு இன்னொரு கேஸுல சொன்னாங்க: ரெண்டு பேரும் மனசொத்துப் பிரியறதா இருந்தா ஆறு மாசம் காத்துக் கெடக்கணும்னு கட்டாயமில்ல, வீடியோவும் வெச்சிக்கலாம், வர முடியாதவங்களுக்கு அம்மா அப்பா, கூடப் பொறந்தவங்க வந்து நிக்கலாம்.

அக்டோபர் 9ஆம் தேதி மூணு நீதிபதிங்க ஒக்காந்தாங்க. தீபக் மிஸ்ரா, கான்வில்கர் ஒரு பக்கம். சந்திரசூட் தனியா ஒரு பக்கம். மார்ச்சுல சொன்னது செல்லாதுன்னு ரெண்டு பேரு. இன்னா காரணம்? 1984ல வந்த குடும்ப நீதிமன்றச் சட்டம், மொதல்ல சேத்து வெக்கப் பாருன்னுது. யாராச்சும் ஒருத்தரு கேட்டாக்கூட மூடின ரூமுல விசாரிக்கணும்னுது. அதனால கேஸ மாத்தித் தரச் சொன்னா, பதிலுக்கு வீடியோவக் கையில குடுத்து அனுப்பக் கூடாது. சேத்து வெக்கற முயற்சி தோத்த பின்னாடி, ரெண்டு பேரும் எழுதிக் குடுத்தா, குடும்ப கோர்ட்டு வேணும்னா வீடியோ வெச்சிக்கலாம். இது ரெண்டு பேரு தீர்ப்பு. "சட்டத்துல எங்கயும் வீடியோ கூடாதுன்னு எழுதலையே"ன்னு சந்திரசூட். அப்புறம் கொரோனா வந்து எல்லாரையும் சமாதானம் பண்ணி வெச்சிச்சு. 2021ல சுப்ரீம் கோர்ட்டே ஒரு குடும்பக் கேஸ வீடியோவுல நடத்துன்னுச்சு.

படிச்சவங்க சண்டை. நாம குறுக்க பூந்து பேசக் கூடாது. ஆனா கேக்கறதுக்கு ஒரு கேள்வி இருக்குது. இம்மாம் பேச்சும் கேமரா வெக்கலாமா வேணாமான்னுதானே? கேமராவுக்குப் பின்னாடி இருக்கற ரூமுல யாரு நிக்கறான்னு யாராச்சும் எட்டிப் பாத்தாங்களா?

ரெண்டு பொண்ணு கதை சொல்றேன். ரெண்டும் நம்ம பக்கத்துப் பொண்ணுங்கதான். பேரு வேணாம்.

ஒருத்தி ஆம்பூர்ல ஷூ கம்பெனியில தைக்கிற பொண்ணு. புருசன் மெட்ராஸ்ல கேஸப் போட்டுட்டான். வாய்தா அன்னிக்கி விடியறதுக்குள்ள எழுந்து புள்ளைக்குச் சோறு கட்டி வெச்சிட்டு ஏலகிரி எக்ஸ்பிரஸப் புடிப்பா. ஒக்கார எடமிருக்காது, வேலைக்குப் போற கூட்டம். சென்ட்ரல்ல எறங்கி, ஐகோர்ட்டு வளாகத்துக்குள்ள இருக்கற குடும்ப கோர்ட்டுக்கு நடை. வராந்தாவுல சொவத்தோரம் ஒக்காந்து பேரு கூப்பிடறாங்களான்னு காதத் தீட்டிக்கினு இருப்பா. மதியானத்துக்கு மேல கூப்பிடுவாங்க. அவன் பக்கத்து வக்கீலு, "எதிர்மனுவுக்கு டயம் வேணுங்கய்யா"ன்னுவாரு. வேற தேதி குடுப்பாங்க. முடிஞ்சு போச்சு. கம்பெனியில ஒரு நாள் கூலி போச்சு, லீவே போடாதவங்களுக்குத் தர்ற போனஸும் போச்சு. ராத்திரிதான் வூடு திரும்புவா.

பொண்ணு தான் குடியிருக்கற ஊர்லயே கேஸு போடலாம்னு 2003ல சட்டத்தத் திருத்தினாங்க. நல்லதுதான். ஆனா அவன் முந்திக்கினு அவன் ஊர்ல போட்டுட்டா? அதை மாத்தறதுக்கு இன்னொரு மனு, இன்னொரு வக்கீலு, இன்னொரு ஃபீஸு.

"டயம் வேணுங்கய்யா"ங்கற ரெண்டு வார்த்தைய நேர்லதான் கேக்கணுமா அந்தப் பொண்ணு? இதுக்கு வீடியோ போதாதா? கோர்ட்டுக்கு மரியாத போயிரும்னு சொல்ற பெரிய மனுசங்கள ஒரு தடவ அந்த ரயில்ல நின்னுகினு வரச் சொல்லு. காட்பாடி வர்றதுக்குள்ள பேச்சு மாறிரும்.

"பாத்தியா, நான் சொன்னதுதானே"ன்னு இப்போ இந்தப் பக்கம் துள்றே. அடங்குடா. இன்னொருத்தி கதை பாக்கி இருக்கு.

எங்க தெருவுல ஒரு வூடு. மாப்பிள்ள வளைகுடாவுல. ரெண்டு பேரும் சம்மதிச்சு மனு போட்டிருக்காங்கன்னு பேச்சு. அன்னிக்கி விசாரணை. சாப்பாட்டுத் தூக்குல செல்ல சாச்சி வெச்சிருந்தாங்க. பொண்ணு நல்ல பொடவை கட்டி, தலைவாரி, எதிர்ல ஒக்காந்திருந்துச்சு. உள்ள குக்கரு விசிலு அடிச்சிச்சு, ஓடிப்போயி அடுப்ப அணைச்சாங்க. நான் திண்ணையில. செல்லுல சின்னச் சின்னக் கட்டமா மூஞ்சிங்க. ஜட்ஜு அம்மா நல்ல மனுசி. பொறுமையாத் தமிழ்லயே கேட்டாங்க. "உங்க இஷ்டத்தோடதான் சம்மதிக்கிறீங்களாம்மா? யாராச்சும் கட்டாயப்படுத்தறாங்களா?"

பொண்ணு வாயத் தொறக்கல. கண்ணு இடது பக்கம் போச்சு. அங்க கதவு. கதவாண்ட மாமங்காரன், கையக் கட்டிக்கினு. லேசா ஒரு தலையாட்டு. அவ்ளோதான்.

"இல்லீங்கம்மா"ன்னுச்சு பொண்ணு.

எழுதிக்கினாங்க. அடுத்த கேஸு.

நகையில எவ்ளோ திரும்பி வந்துச்சு, மாமன் பாக்கெட்டுக்கு எவ்ளோ போச்சுன்னு ஊருக்கே தெரியும். எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்குக் காயுதுன்னு கேக்கறதுக்கு அந்த ரூமுல ஆளு இல்ல. கோர்ட்டு ஹாலா இருந்தா அந்த ஜட்ஜு அம்மா இன்னா பண்ணியிருப்பாங்க? "யாருய்யா நீ? வெளிய போயி நில்லு"ன்னு ஒரு அதட்டு. பொண்ண மட்டும் உள்ள கூப்பிட்டு, தண்ணி குடும்மான்னு சொல்லி, மறுபடியும் கேட்டிருப்பாங்க. ஜட்ஜு கண்ணுல கொறையில்ல கண்ணு. கேமரா கதவுப் பக்கம் திரும்பல.

நம்ம ஊருத் தொழிலையே பாரேன். தோலு ஷாப்புல செலக்‌ஷன் பாக்கறவர் இருக்காரே, அவரு தோல ஜன்னல் வெளிச்சத்துல மேசை மேல விரிச்சுப் போடுவாரு. கட்ட விரல வெச்சு அழுத்துவாரு. வயித்துப் பக்கம் இழுத்துப் பாப்பாரு. மடிச்சுப் பாப்பாரு. உண்ணி கடிச்ச தடம், கொம்பு கீறினது, முள்ளு கிழிச்சு ஆறினது, எல்லாம் விரலுக்குத் தெரியும். போட்டோவுல எல்லாத் தோலும் ஒரே பளபளப்பு. அதுக்குத்தான் சீமையிலேருந்து வாங்கறவன் போட்டோ கேட்டாலும், பெரிய ஆர்டருன்னா ஆள அனுப்பித் தடவிப் பாக்கறான். ஆனா லாரி கெளம்பிச்சா, பில்லு வந்துச்சான்னு கேக்கறதுக்கு எவனாச்சும் ஆள அனுப்பறானா? அதுக்குப் போனு. எதுக்கு விரலு, எதுக்குப் போனுன்னு ஒரு தோலு யாவாரிக்குத் தெரிஞ்சது, கோட்டு போட்டவங்களுக்குத் தெரியாதா?

"பழைய காலமே தேவலாம் தாத்தா, ஆலமரத்தடியிலயே எல்லாம் நேரா முடிஞ்சிரும்"னு நீ சொல்லக் கூடாதுன்னுதான் இதையும் சொல்றேன். அத்து வுடறது நம்ம ஜனத்துக்குப் பழைய சமாச்சாரம். சில பக்கம் துரும்பக் கிள்ளிப் போட்டா முடிஞ்சு போச்சு. 1955ல வந்த இந்து திருமணச் சட்டம்கூட அந்த மாதிரி ஜாதி வழக்கத்த 29ஆவது பிரிவுல விட்டு வெச்சிருக்கு. ஆனா அந்த மரத்தடியில பொண்ணு எங்க நின்னுச்சு? ஓரமா, முந்தானைய வாயில வெச்சிக்கினு. பேசினது அண்ணங்காரன். தலையாட்டினது நாட்டாமை. நேர்ல நடந்துச்சு, எல்லாரும் பாக்க நடந்துச்சு, பொண்ணு கொரலு மட்டும் கேக்கல. நேர்ல வந்துட்டா நியாயம் வந்துருமா?

அதே மாதிரி செல்லையும் திட்டிப் பிரயோசனமில்ல. வாட்சாப்புல மூணு தடவ தலாக்குன்னு அனுப்பிட்டு, முடிஞ்சு போச்சுன்னு படுத்துத் தூங்கினவன் இருந்தான். 2017 ஆகஸ்ட்டுல சுப்ரீம் கோர்ட்டு அது செல்லாதுன்னுச்சு. 2019ல வந்த சட்டம் வாயால சொன்னாலும், எழுதினாலும், செல்லுல அனுப்பினாலும் குத்தம்னுச்சு. செல்லுல சொன்னதுனாலயா குத்தம்? பொண்டாட்டி சொல்றத ஒருத்தரும் காதுல வாங்கலையே, அதுதானே குத்தம்? திரைக் கோர்ட்டுல ஒரு ஜட்ஜாவது ரெண்டு பேரையும் கேக்கறாரு. கேக்கறது அந்தப் பொண்ணு கொரலா, கதவாண்ட நிக்கறவன் கொரலான்னு தெரிஞ்சாப் போதும்.

அதுக்கு இன்னா வழி? புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்க வேணாம். சென்னை ஐகோர்ட்டு 2020ல போட்ட வீடியோ விதியிலயே இருக்கு. அந்தப் பக்கம் சாட்சி சொல்றவங்க பக்கத்துல ஒரு பொறுப்பான ஆளு இருக்கணும். வேற ஊரு கோர்ட்டுன்னா அந்தக் கோர்ட்டு ஆளு. வெளிநாடுன்னா நம்ம தூதரகத்து ஆளு. பக்கத்துல நின்னு யாரும் சொல்லிக் குடுக்கலன்னு பாத்துக்கறது அவரு வேலை. படிச்சுப் பாத்தா, மாமங்காரன மனசுல வெச்சுத்தான் எழுதினாங்களோன்னு தோணும். எழுதி வெச்சதப் புழக்கத்துக்குக் கொண்டாரணும், அம்மாந்தான். வாய்தா வாங்கறதா, காகிதம் குடுக்கறதா, வக்கீலுங்க வாதம் பண்றதா? வூட்லருந்தே ஆகட்டும். உன் இஷ்டத்தோடதான் சொல்றியான்னு கேக்கற அந்த ஒரு நாளு, அந்த ஒரு கேள்வி மட்டும், பொண்ணு பக்கத்துல இருக்கற கோர்ட்டுக்கு வரட்டும். ஆம்பூர்க்காரி ஆம்பூரு கோர்ட்டுல, வாணியம்பாடிக்காரி வாணியம்பாடிக் கோர்ட்டுல. ஜட்ஜு மெட்ராஸ்லயே இருக்கட்டும், திரையில பேசட்டும். ரூமுல அந்தப் பொண்ணும் ஒரு சர்க்காரு ஆளும் மட்டும். கதவு சாத்தி.

ஆம்பளப் பசங்களுக்கும் இதுதான். அம்மா பக்கத்துல ஒக்காந்துகினு "சொல்லுடா, சொல்லுடா"ன்னு தொடையில கிள்றத நான் பாக்கலையா? வயசு முப்பது. நாக்கு இன்னும் அம்மாகிட்ட அடமானம்.

கோர்ட்ட எல்லாம் மின்மயமாக்கறதுக்கு 2023ல மத்திய சர்க்காரு 7,210 கோடி ஒதுக்கினாங்க. இ-கோர்ட்டு மூணாம் கட்டம்னு பேரு. பெரிய காரியம், நல்லா நடக்கட்டும். நான் பெருசா ஒண்ணும் கேக்கல. அம்மாம் கோடியில ஆம்பூரு கோர்ட்டு ரூமுக்கு ஒரு தாழ்ப்பாளு போட முடியுமா, அத்த மட்டும் விசாரிச்சிச் சொல்லு.

உன் மூஞ்சி ஏன் இப்பிடி வாடுது? உனக்கும் லிங்க் வந்திருக்கா? அதானே, இந்தக் கிழவனாண்ட இம்மாம் நேரம் ஒக்காந்து எதுக்குக் கதை கேக்கறேன்னு பாத்தேன். சரி, சொல்றேன். விசாரணை அன்னிக்கி சட்டை மட்டும் போடாதே, கீழ பேண்டும் போடு. எழுந்து நிக்க வேண்டி வந்தா ஊரு சிரிக்கும். பூனை மூஞ்சி வராம என் பேத்திகிட்டக் குடுத்துப் பாத்துக்கோ. உங்கம்மாவக் கோயிலுக்கு அனுப்பு. மாமன டீ வாங்க அனுப்பு, கிளாசு இல்லன்னு இன்னொரு தடவையும் அனுப்பு. கதவச் சாத்து. அப்புறம் ஜட்ஜு கேக்கற கேள்விக்கு உன் வாயால பதில் சொல்லு. பிரியறேன்னாலும் சரி, சேந்திருக்கேன்னாலும் சரி, நாளைக்கு ஊரு கேட்டா "நான்தான் சொன்னேன்"னு சொல்ற பதிலா இருக்கட்டும். அந்தப் பக்கம் அவளும் கதவச் சாத்திட்டாளான்னு ஜட்ஜ ஒரு வார்த்த கேக்கச் சொல்லு. அத்தக் கேக்கறதுக்கு உனக்குத் துணிச்சல் இருந்தா, கேஸு தோத்தாலும் நீ மனுசன்.